வேலி போடும் முன்

லிட்டில் இந்தியாவில் தமிழ் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

தேக்காவின் மாலை நெரிசலைத் தாண்டி, ஆமையைப் பற்றிக் கேட்பதற்கென்று, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தோட்டம் அமைப்பது என் தொழில். தரைவீட்டுக்காரர்கள் சிலர் மீன்குளம் கேட்பார்கள், சிலர் செம்பருத்தி வேலி கேட்பார்கள். அவ்வப்போது ஒருவர், "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்குங்க, ஆமைக்கு ஒரு பட்டி கட்டித் தர முடியுமா?" என்று கேட்பார். அடுத்து அவர் கேட்பது சுவரின் உயரம், அதற்கடுத்து செலவு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது என்ன ஆமை? எந்த மண்ணில், எந்த மழையில் வாழப் பிறந்தது? இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சுவரும் நிழலும் தண்ணீரும் அதற்கான விடையிலிருந்து வரவேண்டும். அந்த உயிருக்கு வேண்டிய நிலத்தை நம்மால் தர முடியாது என்று தெரிந்தால், அதை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதிக்கே பட்டி கட்டிய வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்தன. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அந்த எருமைகளின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அந்தக் கொட்டில்கள் ஏன் இங்கே அமைந்தன? ரோச்சோர் ஆற்றின் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. தாழ்நிலத்தில் புல் செழித்தது. எருமை புரளச் சேறு இருந்தது. மாடு வளர்த்தவர்கள் முதலில் நிலத்தைப் பார்த்தார்கள், பிறகுதான் கழியை நட்டார்கள். ஆமைக்கு இடம் கட்ட நினைக்கும் நாமும் அந்த வரிசையில்தான் போகவேண்டும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஆமைகள் இரண்டே வகை. ஒன்று சிவப்புக் காது ஆமை, மற்றது மலாயப் பெட்டி ஆமை. இரண்டும் நன்னீரைச் சார்ந்தவை. நில ஆமை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இந்திய நட்சத்திர ஆமையானாலும் சரி, ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமையானாலும் சரி. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் முதல் இயங்கிவரும் விலங்குநல மருத்துவச் சேவை இதைக் கண்காணிக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது கைக்கு அடக்கமாக ஒரு குட்டியைக் கொண்டு வரலாம் என்று எண்ணுவோருக்கும் இது பொருந்தும். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

நட்சத்திர ஆமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் அது நம் மண்ணின் உயிர். குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஒரு பரப்பிலும், ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் சேர்ந்த தென்கிழக்குப் பரப்பிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அது வாழ்கிறது. முள்புதர், காய்ந்த புல், நடுவே தரிசு நிலம், அதுதான் அதன் வீடு. கருப்பு ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் விரியும் மஞ்சள் கோடுகளை நாம் அழகு என்கிறோம். காய்ந்த புல்லினூடே வெயில் விழுந்து கிடக்கும் தரையில் அந்தக் கோடுகள்தான் அதை மறைத்துக் காக்கின்றன. மழைக்காலம் வந்ததும் சுறுசுறுப்பாகி மேயும். கோடையில் புதருக்கடியில் ஒதுங்கிக் கிடக்கும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஆண்டுச் சுழற்சிக்கு அதன் உடல் பழகியிருக்கிறது.

அந்த ஓட்டின் வடிவத்திலும் ஓர் அதிசயம் உண்டு. எப்படிப் போட்டாலும் தானே உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்கும் 'கோம்போட்ஸ்' என்ற திண்ம வடிவத்தை ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டோமோகோஷ், பீட்டர் வார்கோனி இருவரும் 2006இல் உருவாக்கினார்கள். பிறகு பலவகை ஆமைகளின் ஓடுகளை அளந்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வடிவத்துக்கு மிக நெருங்கி வந்த உயிர்களில் ஒன்று நம் நட்சத்திர ஆமை. கவிழ்ந்து போனாலும் குவிந்த ஓட்டின் உதவியால் புரண்டு எழக்கூடியது. மேடும் பள்ளமுமான புதர்க்காட்டில் பிழைக்க அதற்கு வாய்த்த கொடை அது.

இப்படிப்பட்ட உயிர் பெட்டிகளில் அடுக்கப்பட்டு நாடு கடந்தது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத்துறையினர் பயணப்பெட்டிகளைத் திறந்தபோது துணியில் சுற்றிய ஆமைக் குட்டிகள் கிடந்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு மையம், ஓர் ஆண்டு! இவ்வளவு தேவை எங்கிருந்து வந்தது? ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்மவர்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. சீன மரபிலோ ஆமை நீண்ட ஆயுளுக்கும் நிலைபேற்றுக்கும் அடையாளம். நம் கூசு தீவில் 1923இல் கட்டிய துவா பெக் காங் கோயிலுக்குப் பக்கத்தில் ஆமைகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும் என்ற எண்ணத்தோடு, அழகான ஓட்டின் மேல் உள்ள ஆசையும் சேர்ந்து இந்தக் கடத்தலுக்குத் தீனி போட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, நட்சத்திர ஆமையைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. அந்த ஆண்டு நவம்பர் முதல் காட்டு ஆமைகளின் பன்னாட்டு வணிகத்துக்குக் கதவு மூடப்பட்டது.

சிங்கப்பூரில் பறிமுதலானவையும், வைத்திருந்தவர்களே பயந்து கைவிட்டவையும் எங்கே போயின? சுவா சூ காங் பக்கம், ஜாலான் லேக்காரில், ஏக்கர்ஸ் விலங்குநல அமைப்பின் மீட்பு நிலையம் இருக்கிறது. பல ஆமைகள் அங்கேதான் அடைக்கலம் புகுந்தன. 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் பெங்களூருக்கு அனுப்பப்பட்டன. கர்நாடக வனத்துறையும் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் அங்கே பொறுப்பேற்றன. ஏக்கர்ஸ் அமைப்பின் தலைமைப் பொறுப்பில் பணியாற்றிய அன்பரசி பூபால், கலைவாணன் பாலகிருஷ்ணன் இருவரும் தமிழர்கள் என்பதை இந்த மேடையில் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

ஊருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. மேற்கில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் தெற்கில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் இலங்கை ஆமைக்கும் மரபணுவில் வேறுபாடு இருக்கிறது. பெட்டிக்குள் எல்லாம் கலந்துவிடுகின்றன. எதை எந்தக் காட்டில் விடுவது? ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் மீட்கப்பட்ட ஆமைகளின் மரபணுவைக் கொண்டு அவற்றின் பிறப்பிடத்தைத் தேடி 2006இல் ஓர் ஆய்வையே வெளியிட்டார்கள். ஒரு குட்டியை மண்ணிலிருந்து தூக்க ஒரு கை போதும். அதைத் திரும்ப அந்த மண்ணில் சேர்க்க இரண்டு நாட்டு அரசுகள், விமானம், நோய்த்தடுப்புக் காவல், ஆய்வுக்கூடம் அத்தனையும் தேவைப்படுகின்றன. அப்படியும் முழுதாக முடிவதில்லை.

சரி, சட்டத்தை விட்டுவிடுங்கள். சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு தோட்டக்காரனாகப் பார்க்கிறேன். சிங்கப்பூரின் சராசரி மழை ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். இராமநாதபுரத்தில் பெய்வது அதில் பாதிகூட இல்லை. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மண் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். நட்சத்திர ஆமை நாள்கணக்கில் குளிர்ந்த ஈரத்தில் நின்றால் மூக்கில் நீர் வடியும், மூச்சு விடும்போது குமிழி வரும், தீனி எடுக்காது. ஆமைக்கு உதரவிதானம் இல்லாததால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்றவும் முடியாது. நுரையீரலில் இறங்கிய தொற்று பெரும்பாலும் உயிரைக் குடித்துவிடும்.

மழைக்குப் பயந்து வீட்டுக்குள் கொண்டுபோனால் வேறு துன்பம். குளிரூட்டிய அறையில் காற்று வறண்டுவிடும். ஓடு மேடுமேடாக, கூம்பு கூம்பாக வளர்ந்து கோணலாகும். புரதம் மிகுந்த தீனிதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003இல் வியன்னாவில் வீஸ்னர், இபென் என்ற இருவர் சல்காட்டாக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்கே ஓடு அதிகம் கூம்பியது. புரதத்தின் பங்கு மிகச் சிறியது. நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே ஓட்டில் மேடுகள் உண்டென்பதால், கோளாறு முற்றும்வரை வளர்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலே போகும். ஆக, வெளியே வைத்தால் மழை வதைக்கும், உள்ளே வைத்தால் வறட்சி வதைக்கும். மீட்பு நிலையங்கள் கூரை போட்டு, மேடை எழுப்பி, மருத்துவரை வைத்துச் சமாளிக்கின்றன. அது தற்காலிக அடைக்கலம். அதைப் பார்த்து நம் வீட்டுக்கு வரைபடம் போட முடியாது.

இனி, சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஆமைக்கு வருவோம். மலாயப் பெட்டி ஆமை இந்த மண்ணுக்கே உரியது. நம் மழையும் வெக்கையும் அதற்குப் பழக்கம். வயிற்று ஓட்டில் கீல்போல் ஓர் இணைப்பு இருப்பதால் தலை, கால், வால் அனைத்தையும் உள்ளிழுத்து முழுதாக மூடிக்கொள்ளும். நன்கு வளர்ந்தால் ஓடு 20 சென்டிமீட்டரைத் தாண்டும். இறைச்சிக்காகவும் மருந்துக்காகவும் வளர்ப்புக்காகவும் ஆசியா எங்கும் பிடிக்கப்பட்டு இன்று அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்றை வாங்கச் சொல்லி நான் யாரையும் தூண்டமாட்டேன். ஏற்கெனவே வீட்டில் வளர்கிறதென்றால், அதற்கு நல்ல இடம் அமைத்துக் கொடுப்பது உங்கள் கடமை.

ஓட்டின் நீளத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் வேண்டும் என்பது வளர்ப்போர் சொல்லும் கணக்கு. அப்படியானால் 20 சென்டிமீட்டர் ஆமைக்கு இரண்டு மீட்டர். அதைக் குறைந்த அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஆமைக்கு நீரும் தரையும் இரண்டும் வேண்டும். குளம் ஆழமாக இருக்கவேண்டியதில்லை. குளத்தின் அடியில் நின்றபடி கழுத்தை நீட்டினால் மூக்கு நீருக்கு மேல் வரவேண்டும். ஏறி இறங்கச் சரிவு கட்டாயம். நான் பார்த்த பழுதான குளங்களில் பெரும்பாலானவற்றின் குறை இந்தச் சரிவில்தான்: வழுவழுப்பான ஓடு பதித்திருப்பார்கள், ஆமை பாதி ஏறிச் சறுக்கிச் சறுக்கித் தளர்ந்து போகும். சொரசொரப்பான சிமென்ட்டும் பதித்த கூழாங்கல்லும் போதும். அடுக்கிய கல் கூடாது. ஆமை அடியில் தோண்டும். கல் சரிந்து மேலே விழும்.

தரைப் பகுதிக்கு வடிகால்தான் உயிர். நம் களிமண்ணில் மழைநீர் இறங்காமல் தேங்கும். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, சரளை பரப்பி, மேலே மணலும் தோட்ட மண்ணும் கலந்து போடுங்கள். பட்டியின் ஒரு மூலை மற்ற இடங்களைவிட மேடாக, எந்த மழையிலும் நனையாமல் கூரையோடு இருக்கட்டும். அதில் காய்ந்த இலைச்சருகை ஒரு முழங்கை ஆழத்துக்குக் குவித்தால் ஆமை தானே புதைந்து உறங்கும். பெண் ஆமை என்றால் தளர்ந்த மண் இன்னும் முக்கியம். ஆண் துணை இல்லாமலே அது முட்டையிடக்கூடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்து நோயுறும். பட்டி முழுக்க சிமென்ட் பூசுவது சுத்தம் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நண்பகல் வெயிலில் அந்த சிமென்ட் கொதிக்கும் என்பது வேறு.

வெயில் வேண்டும், ஆனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருவது உதவாது. ஆமையின் தோல் உயிர்ச்சத்து டி செய்துகொள்ளத் தேவையான புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அந்தச் சத்து இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து கொடுத்தாலும் உடலில் சேராது. ஓடு மெத்தென்று ஆகும், தாடை வளையும். ஓடு என்பது சட்டைபோல் மேலே மாட்டியது அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் இணைந்து உருவானது. அது மெலிந்தால் எலும்புக்கூடே மெலிகிறது என்று பொருள். காலை வெயில் நேராக விழும் திறந்த இடமும், பத்தரை மணிக்கு மேல் ஓடி ஒதுங்க அடர்ந்த நிழலும் ஒரே பட்டியில் இருக்கவேண்டும். நிழலுக்குச் செம்பருத்தி மிக நல்லது. உதிரும் பூவையும் இலையையும் ஆமை தின்னும். அரளி வேண்டாம், நஞ்சு. மணி பிளாண்ட்டும் வேண்டாம்; அதன் இலை வாயைப் புண்ணாக்கும்.

சுவர் ஆமையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு உயரம் இருந்து, உச்சியில் உள்நோக்கி மடிந்திருக்க வேண்டும். பெட்டி ஆமை நன்றாக ஏறும், அதிலும் மூலைகளில். அடித்தளம் ஒரு அடி மண்ணுக்குள் இறங்கட்டும். கம்பி வலையை மட்டும் வேலியாகப் போடாதீர்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் ஆமை அங்கே போகமுடியும் என்றே நம்பும். நாள் முழுவதும் மூக்கை வலையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பார்வையை மறைக்கும் பலகையோ செங்கல்லோ வைத்தால் திரும்பிப் போய் மேயும். ஆனால் மேலே வலை போடுவது அவசியம். காகம் குட்டிகளைக் கொத்தும். உடும்பும் மலைப்பாம்பும் நம் கால்வாய்களில் வசிக்கின்றன. நீர்நாய்கள் வீட்டுக் குளங்களில் புகுந்து கோய் மீன்களைத் தின்றுவிட்டுப் போன செய்திகள் உங்களுக்குப் புதிதல்ல.

இப்போது கொசு. சிங்கப்பூரில் வெளியே தண்ணீர் வைப்பவர் எவரும் டெங்கியை மறக்கமுடியாது. ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்துக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். குடிநீர்த் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிச் சுரண்டிக் கழுவுங்கள். முட்டை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. குளத்துக்கு வடிகட்டி வைத்து நீரை ஓடவிடுங்கள். கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்னும், ஆமையும் எப்போதாவது ஒரு மீனைத் தின்னும், அதில் தவறில்லை. பூந்தொட்டித் தட்டு, மூங்கில் கட்டை, கூரையின் நீர்த்தாரை எல்லாவற்றையும் பாருங்கள். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்க்கும்போது ஆமைக்காக வைத்த தண்ணீர் என்று சொல்வது விளக்கமாகாது. புகை அடிக்கும் நாளில் ஆமையை உள்ளே எடுத்துவிட்டு, குளத்தை மூடி வைத்து, பிறகு நீரை மாற்றுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, சிறு குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகள் வாயில் வைத்துவிடக்கூடிய அளவுள்ள, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் இதற்காகவே தடை செய்தது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைத் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

தீனியைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. தேக்கா சந்தையே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெட்டி ஆமை எல்லாம் தின்னும்: கங்கோங், பப்பாளி, மண்புழு, நத்தை, கொஞ்சம் இறால். சோறும் ரொட்டியும் வேண்டாம்.

உங்களில் பெரும்பாலானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருப்பவர்கள். அங்கே வெளிப்பட்டி எங்கே வைப்பது? பொது நடைபாதையில் கூடாது. தீ நேர்ந்தால் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும். சன்னல் விளிம்பில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஆமையும் போகும், கீழே நடப்பவர் தலையும் போகும். மீதி இருப்பது வெயில் நேராக விழும் பால்கனி. அதில் ஒரு பெரிய தொட்டியில், பாதி நீரும் பாதி மண்ணுமாக, மேலே வலையோடு அமைக்கலாம். பால்கனி இல்லையா? புற ஊதா விளக்கு ஓரளவு ஈடுசெய்யும். அந்த விளக்கின் கதிர் குறைந்துகொண்டே போகும் என்பதால் ஒளி தெரிந்தாலும் அவ்வப்போது மாற்றவேண்டும். வாரத்தில் சில காலைகள் கீழே புல்வெளிக்குத் தூக்கிச் சென்று, கண்ணெடுக்காமல் கூடவே உட்கார்ந்திருந்து, திரும்ப எடுத்து வாருங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் ஆமை வேண்டாம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் தேவைக்கு மேல் பொறுத்துப்போகும் உயிர் அது. கத்தாது, குரைக்காது. ஆண்டுக்கணக்கில் வாடிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

சிவப்புக் காது ஆமை இன்னும் பெரிய சிக்கல். மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் உயிர் அது. கடையில் பார்க்கும்போது ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப்பசேலென்று இருக்கும். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டளவு ஆகும், முப்பது ஆண்டுகூட வாழும். அதற்கு ஆழமான நீரும், ஏறி வெயில் காயும் மேடையும், பெரிய வடிகட்டியும் வேண்டும். பிள்ளை ஆரம்பப் பள்ளியில் கேட்டு வாங்கியது, அவனுக்குத் திருமணமாகும்போதும் வீட்டில் இருக்கும். அதனால்தான் பலர் இரவோடு இரவாக நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று எண்ணி விடுபவர்களும் உண்டு. இது குற்றம், தேசியப் பூங்காக் கழகம் அந்தச் சமயத்தில் ஆட்களை நிறுத்தியே தடுக்கிறது. பெரும்பாலானவை பட்டினியிலும் நோயிலும் சாகின்றன. பிழைத்தவை உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறிக்கின்றன. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் சிறு ஆமைக்கும் இடம் உண்டு.

நில ஆமைகளைப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே வழி இல்லாமல் இருக்கவில்லை. உரிமம் பெற்ற ஆமை அருங்காட்சியகம் ஒன்று 2001இல் ஜூரோங் சீனப் பூங்காவில் தொடங்கி 2019இல் ஈசூனுக்கு இடம் மாறியது. ஒரு குடும்பம் தன் வீட்டு ஆமைகளிலிருந்து தொடங்கி வளர்த்தது அது. நூற்றுக்கணக்கான ஆமைகளுக்குத் தீனியும் நீரும் மருந்தும் கொடுத்து, குத்தகை முடிந்தபோது அத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போவதென்றால் எவ்வளவு உழைப்பு என்று நினைத்துப் பாருங்கள். உழைப்போடு ஆமையின் ஆயுளையும் எண்ணிப் பாருங்கள். செயின்ட் ஹெலினா தீவில் ஜொனத்தன் என்ற ராட்சத ஆமை இருக்கிறது. 1882இல் அங்கே வந்து சேர்ந்தபோதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேய்ந்தபடியே எத்தனையோ ஆளுநர்களைக் கண்டுவிட்டது. ஆமையை ஏற்பவர் தனக்குப்பின் அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் இப்போதே வீட்டில் பேசி வைக்கவேண்டும்.

யார் வீட்டிலாவது நட்சத்திர ஆமை இருக்கிறதென்றால், யாரோ கொடுத்தது, சட்டம் தெரியாமல் வாங்கியது, எதுவானாலும், அதைப் பூங்காவில் விடாதீர்கள், இன்னொருவருக்கு விற்கவும் செய்யாதீர்கள். விலங்குநல மருத்துவச் சேவையையோ ஏக்கர்ஸையோ நீங்களாகவே அழைத்துச் சொல்லுங்கள். அழைத்துவிட்டு அவர்கள் வரும்வரை காய்ந்த, நிழலான, சத்தமில்லாத பெட்டியில் வையுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம், எப்போது எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளில் ஊர்ப்பெயர் ஒன்று இருந்தாலும் ஆமையைத் திருப்பி அனுப்ப முயல்பவர்களுக்குப் பெரிய உதவி.

பெட்டி ஆமைக்கான மூன்று வரைபடங்களை மேசைமேல் வைத்திருக்கிறேன்: ஒன்று தரைவீட்டுக்கு, ஒன்று கூட்டுரிமை வீட்டுத் தரைத்தளத்துக்கு, ஒன்று பால்கனிக்கு. வடிகாலின் சரிவையும் கூரையின் நீட்டத்தையும் அளவோடு குறித்திருக்கிறேன். பால்கனிக்காரர்கள் முதலில் வாருங்கள். உங்கள் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, காலை வெயில் எத்தனை மணிவரை விழுகிறது என்று தெரிந்தால் தொட்டியை எங்கே வைப்பதென்று உட்கார்ந்து பேசலாம்.